மால்கம் எக்ஸின் மறைவும் அவர் குடும்பத்தைத் தாங்கியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய மால்கம் எக்ஸ், 1965 பிப்ரவரி 21 ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் ஆடபான் மண்டபத்தில் பேச எழுந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அவர் விட்டுச் சென்ற மனைவியும் பெண் குழந்தைகளும் அதன்பின் எப்படி வாழ்ந்தார்கள், யார் அவர்களுக்குத் துணை நின்றார்கள் என்பது குறைவாகவே எழுதப்பட்டிருப்பதால், வாசகர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

அவரை எந்தப் பெயரால் குறிப்பிடுவது முறை?

இரண்டு பெயர்களும் முறையானவையே. 1925 மே 19 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தபோது அவருக்கு இடப்பட்ட பெயர் மால்கம் லிட்டில். நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தில் சேர்ந்த பின்னர், முன்னோரை அடிமைப்படுத்தியவர்கள் வைத்த குடும்பப் பெயர் தமக்கு வேண்டாம் என்று ‘எக்ஸ்’ என்ற எழுத்தை ஏற்றுக்கொண்டார். 1964 மார்ச்சில் அந்த இயக்கத்தைவிட்டு வெளியேறி, ஏப்ரலில் ஹஜ் கடமையை நிறைவேற்றியபின் எல்-ஹாஜ் மாலிக் எல்-ஷபாஸ் என்ற பெயரில் கையொப்பமிட்டார். கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பதும் அந்தப் பெயர்தான். மனைவி பெட்டியும் மகள்களும் ஷபாஸ் என்ற பெயரையே தாங்கினார்கள்.

அவர் கொல்லப்பட்டபோது குடும்பத்தின் நிலை என்ன?

அவருக்கு அப்போது வயது 39. 1958இல் அவரை மணந்த பெட்டி, செவிலியர் பயிற்சி பெற்றவர். நான்கு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஆறு வயது, கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. பெட்டி மீண்டும் கருவுற்றிருந்தார். துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் பிள்ளைகளுடன் அதே மண்டபத்தில் இருந்தார். அவர்களைத் தரையில் கிடத்தித் தம் உடலால் மறைத்துக் காப்பாற்றினார். அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று தந்தையின் முகம் பாராத இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

தங்குவதற்கு வீடுகூட இல்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கிழக்கு எல்ம்ஹர்ஸ்டில் அவர்கள் குடியிருந்த வீடு நேஷன் ஆஃப் இஸ்லாமுக்குச் சொந்தமானது. மால்கம் வெளியேறியபின் இயக்கம் வழக்குத் தொடர்ந்து, வீட்டைக் காலி செய்யுமாறு நீதிமன்ற ஆணையும் பெற்றது. அந்த வெளியேற்றத்தைத் தள்ளிவைக்கக் கோரிய மனு விசாரணைக்கு வரவிருந்ததற்கு முந்தைய இரவு, அதாவது பிப்ரவரி 14 அதிகாலையில், உறங்கிக்கொண்டிருந்த குடும்பத்தின்மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை என்றாலும் வீடு வாழத் தகுதியற்றதாயிற்று. ஒரே வாரத்தில் வீட்டையும் குடும்பத் தலைவரையும் இழந்து நின்றவர் அந்த இளம் தாய்.

நாடறிந்த தலைவர் தம் குடும்பத்துக்கு ஏன் எதையும் விட்டுச் செல்லவில்லை?

இயக்கத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் தமக்கென்று சொத்துச் சேர்க்கவில்லை. வீடு, வண்டி, வீட்டுச் செலவு யாவும் இயக்கத்தின் பொறுப்பில் இருந்தன. ஆகவே உறவு முறிந்தபின் அனைத்தும் கைவிட்டுப் போயின. எஞ்சிய ஓராண்டில் இரண்டு அமைப்புகளைத் தொடங்கினார், ஆப்பிரிக்க நாடுகளிலும் மத்தியக் கிழக்கிலும் நீண்ட பயணங்கள் மேற்கொண்டார். ஹஜ் பயணத்துக்கே, தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த சகோதரி எல்லா காலின்ஸ்தான் பணம் கொடுத்தார்.

இதைத் தியாகம் என்று போற்றுவது எளிது. ஆனால் அந்தத் தியாகத்தின் பாரத்தைச் சுமந்தவர் பெட்டி என்பதையும், குடும்பத்துக்கு ஒரு வீடாவது சொந்தமாக வேண்டும் என்று அவர் கணவரிடம் வற்புறுத்தியிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜனாஸா (நல்லடக்கம்) ஏன் ஆறு நாள் தாமதமானது? இஸ்லாமிய முறைப்படி நடந்ததா?

மய்யித்தை (இறந்தவர் உடலை) விரைவாக அடக்குவதே இஸ்லாமிய மரபு. இங்கே கொலை விசாரணை, உடற்கூறாய்வு, பாதுகாப்பு அச்சம் எல்லாம் குறுக்கிட்டன. நியூயார்க்கின் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெமில் பொதுமக்கள் பார்வைக்கு உடல் வைக்கப்பட்ட நான்கு நாட்களில் 14,000 முதல் 30,000 பேர் வரை வந்து அஞ்சலி செலுத்தியதாகக் கணக்கிடப்பட்டது. குண்டு மிரட்டல்களுக்கு அஞ்சிப் பல தேவாலயங்கள் இடம் தர மறுத்துவிட்டன; இறுதியில் ஹார்லெமின் ஃபெய்த் டெம்பிள் என்ற தேவாலயம் கதவைத் திறந்தது. பிப்ரவரி 27 சனிக்கிழமை அங்கே நடந்த நிகழ்ச்சியில் நடிகர் ஆஸி டேவிஸ் நிகழ்த்திய இரங்கல் உரை இன்றும் நினைவுகூரப்படுகிறது. மார்ட்டின் லூதர் கிங் பெட்டிக்கு இரங்கல் தந்தி அனுப்பினார்.

மார்க்கக் கடமைகள் விடுபடவில்லை. மக்காவில் பல காலம் கற்பித்தவரும் மால்கமுக்கு ஆலோசகராக வந்திருந்தவருமான சூடான் நாட்டு அறிஞர் ஷெய்க் அஹ்மத் ஹஸூன் உடலைக் குளிப்பாட்டி வெண்ணிறக் கஃபன் துணி அணிவித்தார். ஷெய்க் ஹிஷாம் ஜாபர் ஜனாஸா தொழுகை நடத்தினார். நியூயார்க்குக்கு வடக்கே ஹார்ட்ஸ்டேலில் உள்ள ஃபெர்ன்கிளிஃப் கல்லறைத் தோட்டத்தில், கூலிக்கு மண் தள்ளக் காத்திருந்தவர்களிடமிருந்து மண்வெட்டிகளை வாங்கிக்கொண்டு நண்பர்களே குழியை மூடினார்கள். தேவாலயத்தில் வைத்து நடந்ததே என்று இன்றும் குறை சொல்பவர்கள் உண்டு. இடம் தர முன்வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் கேட்டுவிட்டு அந்தக் குறையைப் பேசலாம்.

குடும்பத்துக்கு முதலில் உதவ முன்வந்தவர்கள் யார்?

பெண்கள். நடிகையும் ஆஸி டேவிஸின் மனைவியுமான ரூபி டீயும், நடிகர் சிட்னி பாய்ட்டியரின் மனைவி ஹுவானிட்டா பாய்ட்டியரும் சேர்ந்து ‘அக்கறையுள்ள அன்னையர் குழு’ ஒன்றை அமைத்தார்கள். அந்தக் குழு தனக்கு வகுத்துக்கொண்ட வேலை மிகத் தெளிவானது: குடும்பத்துக்கு ஒரு வீடு வாங்குவது, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குப் பணம் திரட்டுவது. சிலை வைப்பதோ மலர் வெளியிடுவதோ அதன் நோக்கத்தில் இல்லை.

இசை நிகழ்ச்சிகள் நடத்தி அவர்கள் 17,000 டாலர் திரட்டினார்கள். 1965ஆம் ஆண்டில் அது ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டப் போதுமான தொகை. நியூயார்க் நகருக்கு ஒட்டிய மவுண்ட் வெர்னனில், இரு குடும்பங்கள் வாழத்தக்க பெரிய வீடு ஒன்று வாங்கப்பட்டது. அதை விற்றவர் அப்போது வழக்கறிஞராக இருந்தவரும் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவருமான பெல்லா ஆப்சுக். உதவ முன்வந்தவர்களுள் பலர் முஸ்லிம்கள் அல்லர், மால்கமின் கருத்துகளோடு முழுதாக உடன்பட்டவர்களும் அல்லர் என்பது கவனிக்கத் தக்கது. அவரோடு பழகும் துணிவே பலருக்கு இல்லாத காலம் அது. அவருடைய விதவைக்காகப் பெயரைப் போட்டு நிதி கேட்டால் திரைத்துறையில் வாய்ப்புகள் குறையலாம் என்ற அச்சத்துக்கும் இடம் இருந்தது.

ஏன் வீட்டுக்கும் படிப்புக்கும் அவ்வளவு முக்கியத்துவம்?

மால்கமின் சொந்தக் குழந்தைப் பருவத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவருடைய தந்தை எர்ல் லிட்டில், கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியின் இயக்கத்துக்காக ஊர் ஊராகப் பேசிய மதபோதகர். 1931இல் மிச்சிகனின் லான்சிங்கில் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். அது விபத்தல்ல, வெள்ளை இனவெறியர்களின் கொலை என்றே குடும்பம் நம்பியது. காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று, இது தற்கொலை என்று சொல்லிப் பெரிய தொகையைத் தர மறுத்துவிட்டது. கணவரின் சபையோ இயக்கமோ அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து தாங்கவில்லை.

தாய் லூயிஸ் கிடைத்த வேலைகளைச் செய்து, வேலை போனபோது பட்டினியோடு போராடி, நலத்துறை அலுவலர்களின் ஓயாத விசாரணைகளுக்கு ஆளாகி, இறுதியில் மனம் உடைந்தார். 1930களின் கடைசியில் அவர் கலமசூ நகர மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிள்ளைகள் வெவ்வேறு வளர்ப்பு வீடுகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 1963இல்தான் மால்கமும் உடன்பிறந்தவர்களும் தாயை வெளியே கொண்டுவந்தார்கள். தலைவரின் விதவையைச் சமூகம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் குடும்பமே சாட்சி. பெட்டிக்கும் அதே ஆபத்து காத்திருந்தது: கொலையுண்ட கணவர், கையில் பணமின்மை, வீடின்மை, வயிற்றில் பிள்ளைகள். ஆறு பெண்களும் ஒரே கூரையின்கீழ் தாயோடு வளர்ந்ததற்கு அன்னையர் குழு திரட்டிய அந்தத் தொகை ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறோம்.

அவர் தொடங்கிய முஸ்லிம் அமைப்புகள் என்ன செய்தன?

அதிகம் செய்ய இயலவில்லை. 1964 மார்ச்சில் தொடங்கிய முஸ்லிம் மாஸ்க் இன்கார்ப்பரேட்டட், அவர் இறந்தபோது ஓராண்டுகூட நிறையாத சிறு அமைப்பு. தலைவரை இழந்ததும் அது சிதறியது. அவர் தொடங்கிய மற்றோர் அமைப்பான ஆப்பிரிக்க-அமெரிக்க ஒற்றுமை அமைப்பின் பொறுப்பைச் சகோதரி எல்லா காலின்ஸ் ஏற்றாலும் அதுவும் மெலிந்தது. ஒரே மனிதரின் பேச்சாற்றலில் நின்ற அமைப்புகளுக்கு நேர்வதே அவற்றுக்கும் நேர்ந்தது.

இறந்தவரின் குடும்பத்தைப் பற்றி இஸ்லாம் என்ன சொல்கிறது?

முஅத்தா போரில் நபித்தோழர் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான (மார்க்கத்துக்காக உயிர்நீத்த) செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்குத் துயரம் நேர்ந்திருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் உள்ளது. துக்க வீட்டாரே வந்தவர்களுக்கு விருந்து சமைத்துப் போடும் வழக்கம் இதற்கு நேர் எதிரானது.

உணவு முதல் சில நாட்களுக்கு. அதன்பின் வருவது இறந்தவரின் கடனை அடைப்பதும் யத்தீம்களின் (தந்தையை இழந்த பிள்ளைகளின்) உடைமையைக் காப்பதும். அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே உண்கிறார்கள் என்று குர்ஆன் 4:10 எச்சரிக்கிறது. பிள்ளைகள் பக்குவம் அடைந்ததும் சாட்சிகளை வைத்து உடைமையை ஒப்படைக்க வேண்டும் என்று 4:6 கட்டளையிடுகிறது. இந்த இரண்டாவது வசனம் நிதி திரட்டும் எவருக்கும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து: யார் பெயரில் பணம் வந்ததோ அவரிடம் கணக்கோடு சேர வேண்டும். யத்தீம் என்பதாலேயே ஜகாத் (கட்டாயக் கொடை) சேர்ந்துவிடாது, வறுமை இருந்தால்தான் சேரும். ஸதக்காவுக்கு (விருப்பக் கொடைக்கு) அந்த வரையறை இல்லை.

பெட்டி கணவர் இறந்த சில வாரங்களிலேயே ஹஜ்ஜுக்குச் சென்றார் என்பது உண்மையா? இத்தா (கணவரை இழந்தவர் காத்திருக்கும்) காலத்தில் அது கூடுமா?

உண்மை. 1965 மார்ச் இறுதியில் புறப்பட்டார். அந்தப் பயணம் இல்லாவிட்டால் தாம் என்ன ஆகியிருப்போம் என்று தெரியவில்லை என்ற பொருள்பட அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். கணவரை இழந்தவரின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணியாயின் குழந்தை பிறக்கும்வரை என்பது குர்ஆன் 65:4 வசனத்தின் அடிப்படையில் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இந்தக் காலத்தில் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பதும் பெரும்பான்மைக் கருத்தே. வேறு இடத்தில் தங்கலாம், பயணமும் செய்யலாம் என்ற கருத்து ஆயிஷா (ரலி) அவர்களைச் சார்த்திச் சொல்லப்படுகிறது. வீடே எரிந்துபோன ஒரு பெண்ணிடம் வீட்டில் தங்கு என்ற சட்டத்தை எப்படிப் பொருத்துவது என்பதை ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) விட்டுவிடுகிறோம்.

நூல் வருமானம் குடும்பத்துக்குப் போனதா?

போனது. எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலியின் துணையோடு உருவான தன்வரலாற்று நூலை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த டபுள்டே நிறுவனம், கொலைக்குப்பின் பின்வாங்கியது. குரோவ் பிரஸ் 1965இலேயே வெளியிட்டது. அதன் உரிமத்தொகையில் ஒரு பங்கு பெட்டிக்கு வந்தது. கணவரின் உரைகளை நூலாக வெளியிட அவர் அனுமதி அளித்ததும், திரைப்பட உரிமையை விற்றதும் கூடுதல் வருமானம் தந்தன. நன்கொடை ஒரு வீட்டைத் தந்தது. அந்த வீட்டை நடத்த உதவியது கணவரின் சொல்லுக்குக் கிடைத்த இந்த ஊதியம்தான்.

பெட்டி ஷபாஸ் வாழ்நாள் முழுதும் உதவியை நம்பியிருந்தாரா?

இல்லை. 1969இன் இறுதியில், தாம் செவிலியர் ஆவதற்காக விட்டிருந்த கல்வியியல் பட்டப்படிப்பை முடிப்பதற்கு ஜெர்சி சிட்டி அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். 1972இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பைத் தொடங்கினார். திங்கட்கிழமை காலை மவுண்ட் வெர்னனிலிருந்து தாமே கார் ஓட்டிக்கொண்டு ஆம்ஹர்ஸ்டுக்குப் போய், புதன்கிழமை இரவு வீடு திரும்பி, ஆறு பெண்களையும் கவனித்துக்கொண்டு, 1975இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புரூக்ளினில் உள்ள மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் பேராசிரியப் பணியில் சேர்ந்து இறுதிவரை அங்கேயே இருந்தார்.

அந்தக் கல்லூரி, 1963இல் மிசிசிப்பியில் கொலையுண்ட குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் பெயரைத் தாங்கியது. அவருடைய மனைவி மைர்லி எவர்ஸ், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா, பெட்டி ஆகிய மூவரும் பின்னாளில் நெருங்கிய தோழிகளானார்கள். கணவர்மாரின் அரசியல் பாதைகள் வேறுபட்டிருந்தாலும், மேடையில் எல்லோரும் வணங்கும் பெயரை வீட்டில் தனியாகச் சுமப்பது எப்படி என்பது அந்த மூவருக்கும் விளங்கியிருந்தது.

லூயிஸ் ஃபரக்கான் இந்தக் குடும்பத்துக்காக நிதி திரட்டினார் என்பது சரியா?

சரி, ஆயினும் சற்று விளக்கம் தேவை. மால்கம் வெளியேறியபின் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர், பின்னாளில் நேஷன் ஆஃப் இஸ்லாமின் தலைவரான ஃபரக்கான். கொலையில் அவருக்குப் பங்கு உண்டு என்று தாம் நம்புவதாகப் பெட்டி 1994இல் வெளிப்படையாகக் கூறினார். ஃபரக்கான் அதை மறுத்தார். 1995 ஜனவரியில், ஃபரக்கானைக் கொல்லச் சதி செய்ததாகப் பெட்டியின் இரண்டாவது மகள் குபிலா மீது அரசு குற்றம் சாட்டியது. வழக்கின் முக்கியச் சாட்சி அரசுக்கு உளவு சொல்பவர். அவரே அப்பெண்ணைச் சிக்கவைத்தார் என்று ஃபரக்கானே பேசினார். அந்த ஆண்டு மே 6 அன்று ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் அவளுடைய வழக்குச் செலவுக்காக நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஃபரக்கானும் பெட்டியும் ஒரே மேடையில் தோன்றிக் கைகுலுக்கினார்கள். வழக்கு விசாரணைக்குப் போகாமல் உடன்பாட்டில் முடிந்தது.

இதைச் சமரசம் என்று சிலரும் நாடகம் என்று சிலரும் சொன்னார்கள். பிள்ளைக்குச் சிறை நேரும் நிலையில் ஒரு தாய் யாருடைய கையைப் பற்றினாலும் அதை அரசியலாக மட்டும் படிப்பது நியாயம் அன்று.

பெட்டி எப்படி இறந்தார்?

1997 ஜூன் 1 அன்று, அவருடைய பராமரிப்பில் இருந்த 12 வயதுப் பேரன் வைத்த தீயில் படுகாயமுற்று, மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து, ஜூன் 23 அன்று காலமானார். ஃபெர்ன்கிளிஃபில் கணவருடன் அடக்கம் செய்யப்பட்டார். கொலைக்குப்பின் வீடும் படிப்பும் கிடைத்தாலும், அந்த நாளின் காயம் அடுத்த தலைமுறைவரை தொடர்ந்தது. அதைத் தாங்குவதற்கு எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை.

கொலை வழக்கில் நீதி கிடைத்ததா?

1966இல் மூவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், மற்ற இருவருக்கும் இதில் தொடர்பில்லை என்று அன்றே கூறினார். முஹம்மது அஜீஸ், கலீல் இஸ்லாம் என்ற அந்த இருவரும் இரு பத்தாண்டுகள் சிறையில் கழித்தார்கள். 2021 நவம்பர் 18 அன்று நீதிமன்றம் அவர்கள்மீதான தண்டனையை நீக்கியபோது கலீல் இஸ்லாம் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022இல் நியூயார்க் நகரமும் மாநிலமும் சேர்ந்து 36 மில்லியன் டாலர் இழப்பீடு தர இசைந்தன. மால்கமின் குடும்பத்தைப் பேசும்போது, செய்யாத கொலைக்காகத் தந்தையை இழந்து வளர்ந்த இவ்விருவரின் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது.

கொலையைத் தடுக்கத் தவறியதாகவும் உண்மையை மறைத்ததாகவும் குற்றம்சாட்டி, எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ., நியூயார்க் காவல்துறை ஆகியவற்றின்மீது மால்கமின் மகள்கள் 2024 நவம்பரில் 100 மில்லியன் டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள்.

இன்று அவரை எங்கெங்கே நினைவுகூர்கிறார்கள்?

ஹார்லெமின் லெனாக்ஸ் நிழற்சாலைக்கு 1987இல் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அங்கே 116ஆம் தெருவில் அவர் முன்பு பொறுப்பு வகித்த பள்ளிவாசல் இப்போது மஸ்ஜித் மால்கம் ஷபாஸ் என்று வழங்குகிறது. 1999இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. ஆடபான் மண்டபத்தை இடித்துவிட்டு ஆய்வுக் கட்டடம் எழுப்பக் கொலம்பியா பல்கலைக்கழகம் முயன்றபோது எழுந்த எதிர்ப்பின் பயனாக அதன் ஒரு பகுதி காக்கப்பட்டு, 2005இல் மால்கம், பெட்டி இருவரின் பெயரிலும் நினைவுக் கல்வி மையமாகத் திறக்கப்பட்டது. மே 19 தோறும் கல்லறைக்குச் சென்று துஆ (பிரார்த்தனை) செய்யும் வழக்கமும் தொடர்கிறது.

அவர் கைப்பட எழுதியவை எங்கே உள்ளன?

அவையும் ஏறத்தாழ கைவிட்டுப் போயின. குடும்பத்தார் வைத்திருந்த நாட்குறிப்புகளும் கடிதங்களும் புளோரிடாவில் ஒரு வாடகைச் சேமிப்பறையில் கிடந்தன. வாடகை பாக்கியால் அவை பிறர் கைக்குப் போய், 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏலத்துக்கு வந்தன. அறிஞர்களும் குடும்பத்தாரும் எதிர்த்ததால் ஏலம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு குடும்பம் அவற்றை ஹார்லெமில் உள்ள ஷாம்பர்க் ஆய்வு மையத்தில் 75 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தது. ஹஜ் பயண நாட்குறிப்பு உட்பட அந்தத் தாள்களை இப்போது ஆய்வாளர்கள் அங்கே சென்று படிக்கலாம்.